நீலப் பூவேலை வைத்த அபாயா

தான் செய்யாத காரியத்தைச் செய்ததாக ஒருத்தி ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? மடவளை ஊர் றலியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கேள்வியில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

கண்டியில் பாலியல் நோய்களுக்கான ஒரு கிளினிக் வியாழக்கிழமைகளில் மாலையிலும் திறந்திருக்கும். பகலில் லீவு எடுக்க முடியாதவர்களுக்காக என்பார்கள். புடவைக் கடை சேல்ஸ்மேன்கள் வருவார்கள். கல்யாணத்துக்கு முன் இரத்தம் சோதிக்க விரும்புகிறவர்கள் வருவார்கள். தனித்தனி பெஞ்சில் உட்காரும் கணவன் மனைவியும் உண்டு. எல்லோருக்கும் லீவுதான் பிரச்சினையா என்பது சந்தேகம். இருட்டில் முகம் தெரியாது.

றலியாவின் கணவன் பவாஸ் கட்டாரில் வேலை. அவள் மாமி றம்லத்தோடும், பவாஸின் தங்கை ரிஸ்னாவோடும் இருந்தாள். ரிஸ்னாவுக்குத் திகனயில் மாப்பிள்ளை பேசியிருந்தது. ஒரு வியாழக்கிழமை றம்லத் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்த நேரம், ரிஸ்னா மதினியின் அபாயாவையும் முகத்திரையையும் இரவல் கேட்டு வாங்கி உடுத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினாள்.

முகத்தை மூடினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பது, முகம் மூடிப் பழகாதவர்கள் செய்யும் பிழை. மூடுகிறவர்கள் ஒருவரையொருவர் உடுப்பை வைத்தே அடையாளம் காண்பார்கள். அந்த அபாயாவின் கையில் நீலப் பூவேலை இருந்தது. பவாஸ் அனுப்பியது, மடவளையில் அதுபோல் வேறு இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு மஸாஹிரா வந்தாள்.

"ஒங்கட மருமகள நேத்து அந்தக் கிளினிக் கேட்டடியில கண்ட, மாமி."

"நீ அங்க என்னத்துக்குப் போன?"

"பக்கத்துல பல்லு டொக்டர் ஈக்கிறாரே."

"அந்தப் பக்கம் போற எல்லாருக்கும் பல்லு வலிதான்" என்றார் றம்லத். ஆனால் அவள் போனதும் மருமகளைக் கூப்பிட்டார்.

"மகன் கட்டார்ல. நீ அங்க என்னத்துக்குப் போன?"

ரிஸ்னா அறை வாசலில் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள். உண்மை வெளியே வந்தால் திகனச் சம்பந்தம் முறியும். வராவிட்டால் றலியாவின் வீடு உடையலாம்.

"நான்தான் போன, மாமி" என்றாள் றலியா. எதற்கென்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி ரிஸ்னா கேட்டாள்: "எனக்காகவா மதினி?"

"ஏன், ஒனக்கு மட்டும்தான் அங்க வேல ஈக்குதா?"

அது கேலியா, வேறு ஏதாவதா என்று ரிஸ்னாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தியாகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல் பல சமயம் மேற்கொண்டு யோசிக்காமலிருக்கத்தான் உதவுகிறது.

விஷயம் கட்டாருக்கும் போனது. பவாஸ் கொஞ்ச நாள் றலியாவின் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். அந்த அபாயாவை வீசிவிடச் சொன்னான். புதிய அபாயா ஒன்றையும் அனுப்பினான்.

ரிஸ்னாவின் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு நடுவில், புதிய அபாயாவை அலுமாரியில் விட்டுவிட்டு, நீலப் பூவேலை வைத்த அதே அபாயாவில் வந்து உட்கார்ந்தாள் றலியா. ஏன் என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை.