ராகு காலத்துக் காற்று

‘மாதிரி எடுத்த நேரம்: வெள்ளி, காலை 10.30 முதல் 12.00 வரை. ஐசோசயனேட்: கண்டறியப்படவில்லை.’ பரிசோதனைக் கூடம் அனுப்பிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது. எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கும் என் குறிப்பேட்டில் அதே வெள்ளிக்கிழமைக்கு இருந்தது: ‘12.07. மிஷின் சத்தம் கேட்கத் தொடங்கியது.’

தம்பி குவைத்தில் ஃபோம் அடிக்கக் கற்றவன். இரண்டு டிரம்களிலிருந்து வரும் ரசாயனங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, சுவரில் பட்டதும் பொங்கி இறுகும். குளிர்பதனக் கிடங்குகளுக்கு அதுதான் போர்வை. ஒரு டிரம்மில் இருப்பது ஐசோசயனேட். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சை அடைக்கும். பொங்கலுக்குப் பிறகு, அடித்த நாளெல்லாம் மாலையில் தம்பிக்கு இழுப்பு வந்தது. காற்றைச் சோதித்த பிறகே வேலையைத் தொடரலாமா, விடவேண்டுமா என்று சொல்வதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

இலுப்பூர் பக்கம் புதுக் கிடங்கு. திருக்கோகர்ணத்திலிருந்து அவனை நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். பரிசோதகர் அவன் இடுப்பில் காற்றை உறிஞ்சும் சின்னப் பம்பையும் காலரில் வடிதாள் டப்பாவையும் மாட்டினார். வெளியாட்களை உள்ளே விடவில்லை, கேட்டருகே உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கை வந்ததும் இரண்டு நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தம்பியை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரரிடம் போனேன்.

“புது சைட்டு சார். வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம், ஃபோம் கன்னை யாரு தொடுவா? முடிஞ்சப்புறம் தேங்கா ஒடச்சுத்தான் ஆரம்பிச்சோம்.”

“அப்ப அந்தப் பம்பு எதைச் சோதிச்சுச்சு?”

“காத்தைத்தான் சார்.” சிரித்தார். “ஒண்ணுமில்லன்னு வந்திருக்குல்ல. தம்பிய திங்கக்கெழம வரச் சொல்லுங்க.”

அந்த வெள்ளிக்கிழமை காலை நானும் காலண்டரில் ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். கேட்டருகே ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாதது எனக்கு உறுத்தவே இல்லை. ஆனால் இந்த ஒப்பந்தக்காரர் வேண்டுமென்றே செய்திருப்பாரோ?

பரிசோதகருக்குப் போன் செய்தேன். “நான் மாட்டி, ஒன்றர மணி நேரத்துக்கு வெச்சு ஆன் பண்ணிட்டு அடுத்த எடத்துக்குப் போயிட்டேங்க. மாட்டியிருந்தவரேதான், ‘இப்பவே ஆன் பண்ணுங்க, ஆரம்பிச்சுருவோம்’னாரு.”

மாட்டியிருந்தவர் என் தம்பி.

வீட்டுக் கொல்லையில் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டேன்.

“அண்ணே, நீ என்ன போலீஸா?”

“ஆன் பண்ணச் சொன்னது யாருடா?”

“எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். இதையும் விட்டுட்டு…” இருமல் வந்தது. முடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டான். “ஒன்னைய மாதிரி தேதி எழுதிக்கிட்டு ஒக்காரவா?”

மறுநாள் இரண்டு நேரங்களையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். துப்பாக்கி ஓடும்போது மறுபடி சோதிக்கும்வரை தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கிய தம்பி என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவன் கிடங்குக்குப் போகவில்லை.

பம்பை ஆன் செய்யச் சொன்னது அவன்தான் என்பதற்குப் பரிசோதகரின் வாய்ச்சொல் மட்டுமே இருக்கிறது. அன்று உள்ளே இருந்த மற்ற இரண்டு வேலையாட்களையும் நான் இன்னும் விசாரிக்கவில்லை. அது சரிபார்க்கப்படாத செய்தி.