தொண்ணூறுக்குக் கீழே இறங்காத நாகூர் கனி

தாராவியில் தோல் பைகளை மொத்தமாக விற்கும் நாகூர் கனி, சொன்ன விலையில் பத்து ரூபாய்க்கு மேல் குறைத்ததாக வரலாறு இல்லை. அவருக்கு வந்த நிணநீர்ப் புற்றுநோயும் அதே சுபாவம். எந்த மருந்துக்கும் இறங்கி வரவில்லை. கடைசியில், அவர் இரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை இனங்காணும்படி ஆய்வகத்தில் மாற்றியமைத்து, மீண்டும் உடம்பில் ஏற்றினார்கள்.

"என் சரக்கையே எனக்குத் திருப்பி விக்குதியளோ?" என்றார் அவர்.

புதிய அணுக்கள் சிலவேளை மூளையைக் கலக்கிவிடும். ஆகவே செவிலி மாலதி காலையும் மாலையும் அவரைச் சோதித்தார். ஊர், மாதம் எல்லாம் சரியாக வந்தன. இடறியது ஒன்றில்தான்.

"பாய், நூறுலேருந்து பத்துப் பத்தா குறைச்சுச் சொல்லுங்க."

"நூறு. தொண்ணூறு. அதுக்குக் கீழ கட்டுபடியாகாது தாயி."

"இது விலை இல்ல பாய், வெறும் எண்ணு."

"எல்லாப் பயலும் இப்படித்தான் ஆரம்பிப்பான். அப்புறம் எண்பதுக்குக் கேப்பான்."

இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைந்தால் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். வீணாகக் கொடுத்தால் புது அணுக்களின் வேகம் மட்டுப்படலாம் என்று டாக்டர் சந்திரமௌலி கவலைப்பட்டார். எனவே மனைவி சைனப்பே வாடிக்கையாளராகி, எழுந்து போவதுபோல் நடித்து, வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, அவரைப் பத்துப் பத்தாகக் கீழே இழுத்தாள். பத்தைத் தொடும்போது இருவருக்கும் மூச்சு வாங்கும்.

ஒரு மாலை அவள் தொழுதுவிட்டு வருவதற்குள் மாலதி கேட்டுவிட்டார். நாகூர் கனி முகஞ்சுளிக்காமல் நூறிலிருந்து பத்துவரை வழுக்கிக்கொண்டு இறங்கினார்.

"பாய் இன்னைக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் அக்கா!" என்றார், திரும்பிவந்த சைனப்பிடம்.

"யா அல்லா! பத்துக்கு ஒத்துக்கிட்டாகளா? டாக்டரக் கூப்பிடு புள்ள, என் மச்சானுக்கு மூளை கலங்கிட்டு!"

"சரியாத்தானே சொன்னாரு?"

"அதைத்தான் சொல்லுதேன்! பேரம் பேசாம இவுக இறங்குவாகளா?"

விரைந்துவந்த சந்திரமௌலி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். பேனா கோணல் கோடாக ஓடித் தாளைவிட்டே வெளியேறியது. காய்ச்சலும் ஏறத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு உடனே இறங்கியது.

அதன்பின் சைனப் கட்டிலருகே உட்கார்ந்து, "அம்பதுக்குத் தாங்க மச்சான்... சரி, இருபதுக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எதற்கும் அவர் தலையாட்டினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் அவள் அழுதாள். அவளுக்கு ஒரு வாய்ச் சோறும் இறங்கவில்லை.

ஒரு நண்பகலில் அவர் கண் தெளிந்து, நடந்ததை விசாரித்தார்.

"பத்துக்கா? யார் முன்னால?"

"அந்தச் சிஸ்டர் முன்னாலதான்."

"வெளிய தெரிஞ்சா யாவாரம் படுத்துரும்ளா! அவளைக் கூப்பிடு. சீக்குல பேசின பேரம் செல்லாதுன்னு சொல்லு."

சைனப் யாரையும் கூப்பிடவில்லை. அவருக்கென்று வந்திருந்த கஞ்சியை எடுத்து, நின்றபடியே முழுவதையும் தானே குடித்துத் தீர்த்தாள்.