முதுகில் நான், பக்கத்தில் சிங்கம்

போன வாரம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்த்து, தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்து, கடைசியில் பக்கத்தில் வந்தார்கள்.

"அங்கிள்... நீங்க அவர்தானே?"

நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. இத்தனை வருடமாக வாராவாரம் எழுதுகிறவனை ஊரில் ஒருத்தராவது அடையாளம் கண்டுகொள்ள வேண்டாமா? "ஆமாம்மா, அந்தப் பத்தி எழுதுறவன்தான்" என்றேன், கொஞ்சம் அடக்கமாக.

"பத்தியா? இல்ல அங்கிள், அந்த முதுகு மாமா! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா? ஆமா... சிங்கம் எங்க?"

சொல்கிறேன். முதலில் நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிவேதா என் அக்கா மகள். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வீடு, கல்லூரியில் கடைசி வருடம். அவளுக்கு உயிர் காஸ்ப்ளே. ஜப்பானிய அனிமே தொடர்களில் வரும் பாத்திரங்களைப் போலவே உடை தைத்து, விக் வைத்து, கவசம் மாட்டி அசல் ஆளாகவே மாறி நிற்பது. "மாறுவேடப் போட்டிதானே?" என்று ஒரு முறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த ஊரில் அவளுக்குத் துணை யார்? ஆஷிபா. பக்கத்து நெரவிப் பெண். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தவர்கள். முதல் இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் இன்ஸ்டாகிராமில் ஒரே கமெண்டுக்குக் கீழே சண்டை போட்டுத்தான் சிநேகிதம் ஆனார்கள்! அதற்குப் பிறகு நிவேதா வேஷம் கட்டுவாள், ஆஷிபா வீடியோ எடுப்பாள். மொட்டை மாடிதான் ஸ்டூடியோ. லைக் குவியும்.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. போன மாதம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பாண்டிச்சேரியில என்னமோ அனிமே விழாவாம்ல? போ. மேடையில ஏறி ஒரு பரிசு வாங்கிட்டு வா. வாங்கினா ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாங்கலன்னா, இந்த முடி, அட்டை, பெயின்ட்டு எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு பேங்க் பரீட்சைக்கு உட்காரணும். சரியா?"

"சரிம்மா" என்றாள் நிவேதா. குரல் உள்ளே போய்விட்டது.

நிவேதாவுக்கும் ஆஷிபாவுக்கும் துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் கவசத்துக்கு ஒரு சீட். "இதுல யாருங்க உக்காந்திருக்கா?" என்றார் கண்டக்டர். "யாரும் இல்லைங்க, வெறும் கவசம்." "அப்ப மடியில வெச்சுக்குங்க." கடலூர் வரை ஒரு வீராங்கனையின் நெஞ்சுக் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சீர்காழியில் ஏறிய ஒரு அம்மா, "தேர்த் திருவிழாவுக்கா?" என்று விசாரித்தார்.

விழா அரங்கில் நுழைந்ததும் எனக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் பட்டது. நூற்றுக்கணக்கில் மந்திரவாதிகள், ரோபோக்கள், பூனைக் காதுக்காரிகள்... ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை! எல்லோரும் டிரைபாடை நட்டு, அதன் முன்னால் ஒரே இருபது வினாடிப் பாட்டுக்குத் திரும்பத் திரும்பக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அறிமுகம் ஆனால் "பேர் என்ன?" என்று கேட்பதில்லை. "ஐடி என்ன?" என்னிடமும் ஒருத்தர் கேட்டார். ஆதார் கார்டை எடுத்துக் காட்டினேன். நல்ல பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொருவரும் மகாராஜா. பின்னால் போய்ப் பாருங்கள்... ஊக்கு, செலோ டேப், நாடா. ஒரு மாவீரனின் முதுகு முழுக்கத் துணி கிளிப். ரீல்ஸில் முன்பக்கம்தானே தெரிகிறது? போன் பார்க்காத இடத்துக்கு எதற்குப் பெயின்ட்?

நம் பெண் அப்படி இல்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். நீலக் கவசம், நுரை மாதிரி வெள்ளி வேலைப்பாடு, தோளிலிருந்து தரை வரை வெல்வெட் அங்கி. கடலைக் காக்கும் வீராங்கனையாம். நிஜமாகவே கண் கலங்கும் அழகு.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். வாளை வீசினாள். கைத்தட்டல். நடுவராக இருந்த பெண் மைக்கை எடுத்தார்.

"சூப்பர். கைவேலைக்குத் தனி மார்க் இருக்கும்மா. அந்த அங்கியக் கழட்டிட்டு ஒரு தடவை திரும்பி நில்லுங்க."

நிவேதா நகரவில்லை.

"திரும்புங்கம்மா."

என் பக்கத்தில் போன் பிடித்துக்கொண்டிருந்த ஆஷிபா, "யா அல்லா" என்று முணுமுணுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிவேதா கூட்டத்தில் என்னைத் தேடினாள். பரண், மூட்டை, பேங்க் பரீட்சை எல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது. 'திரும்பு' என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அங்கியைக் கழற்றினாள். திரும்பினாள்.

அவள் முதுகில் நான்.

கூலிங் கிளாஸ் போட்டு, கைகட்டிச் சிரித்துக்கொண்டு, முழு முதுகும் நான். பக்கத்தில் வாய் பிளந்த சிங்கம். கீழே தடித்த எழுத்தில்: 'காதணி விழா. அனைவரும் வருக! தாய்மாமன் அன்புடன் அழைக்கிறார்.'

நிவேதாவின் தம்பிக்குக் காது குத்தியபோது வைத்த ஃபிளெக்ஸ் அது. நம் பக்கம் விழா முடிந்த ஃபிளெக்ஸ் குப்பைக்கா போகிறது? நெல் காயவைக்கும், மாட்டுக் கொட்டகை மூடும். எங்கள் ஃபிளெக்ஸ் அக்கா வீட்டுத் தண்ணீர் டேங்கை மூடியிருந்தது. கவசத்துக்கான ஃபோம் ஷீட் முன்பக்கத்தோடு தீர்ந்துபோக, முதுகுக்கு அதை வெட்டிக் கட்டிவிட்டாள். வெள்ளைப் பக்கம் பாசி பிடித்துக் கறுத்திருந்ததாம். பாசியா, மாமாவா என்ற போட்டியில் நான் ஜெயித்திருக்கிறேன். சிங்கம்? அது ஃபிளெக்ஸ் கடைக்காரரின் அன்பளிப்பு. நான் கேட்கவே இல்லை.

அரங்கத்தில் கூரை பறக்கச் சிரிப்பு. தொகுப்பாளர் விடுவாரா? "இந்த வில்லன் எந்த சீரிஸ்ல வர்றாருங்க?"

நிவேதா மெல்லத் திரும்பினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மைக்கை வாங்கினாள்.

"வில்லன் இல்லைங்க. எங்க காரைக்கால் பக்கம் சண்டைக்குப் போனா முதுகுக்குப் பின்னாடி தாய்மாமன் நிப்பாரு. அதோ, நிஜமாவே நிக்கிறாரு பாருங்க!"

அரங்கமே என் பக்கம் திரும்பியது. டிரைபாடுகளும் திரும்பின. அடுத்த அரைமணி நேரம் மந்திரவாதிகளும் ரோபோக்களும் வரிசையில் நின்று என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். காலையிலிருந்து பேசாத கூட்டம், அப்போதுதான் தங்களுக்குள் பேச ஆரம்பித்தது. "உன் பின்பக்கத்தக் காட்டு, உன் பின்பக்கத்தக் காட்டு" என்று ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் ஊக்கையும் நாடாவையும் காட்டிச் சிரித்தார்கள்.

பரிசு கிடைத்ததா? இல்லை. கடலூர்ப் பெண் ஒருத்திக்குப் போனது. உள் தையல்கூட அவ்வளவு சுத்தம். எல்லோரும் அவளை டேக் செய்யத் தேடினார்கள். அவளுக்கு அக்கவுண்டே கிடையாதாம்!

திரும்பும் பஸ்ஸில் நிவேதா ஜன்னலோரம் பேசாமல் வந்தாள். ஆஷிபா போட்ட வீடியோ சிதம்பரம் தாண்டுவதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நிவேதா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பரிசு இல்லையே மாமா" என்றாள் ஒரே ஒரு முறை.

வீட்டு வாசலில் அக்கா. கையில் போன். கூடத்தில் காலிச் சாக்கு தயாராக இருந்தது.

"பரிசு எங்கடி?"

நிவேதா தலை குனிந்தாள். அக்கா போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். என் முகம், சிங்கத்தின் முகம்.

"இந்த ஃபிளெக்ஸ்ல இடது பக்கம் பட்டுப்புடவை கட்டிக் கும்பிட்டுக்கிட்டு நான் நிக்கிறேனே... நான் எங்க?"

"முதுகு அளவுக்கு வெட்டினேம்மா... நீ அந்தப் பக்கம் போயிட்ட."

"ஊரே பாக்குது. இவன் இருக்கான், மிருகம் இருக்கு, பெத்தவ இல்ல! வெட்டுறவ சிங்கத்த வெட்டியிருக்கக் கூடாது?"

அக்கா சாக்கை எடுத்தாள். உதறினாள். மடித்துப் பரணில் போட்டாள்... சாக்கை மட்டும்.

"அடுத்த டிரெஸ்ஸுல நான் முன்னாடி இருக்கணும். பேங்க் பரீட்சையும் எழுதணும்."

நிவேதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆஷிபா இதையும் வீடியோ எடுத்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்கா இப்போது சிங்கத்தையும் தன் பக்கம் கேட்கிறாள்... முன்பக்கத்தை விட்டுக்கொடுத்த நான், சிங்கத்தை மட்டும் தருவதாக இல்லை!