கீரிக்கு நாரியில் வருத்தம்

ஸ்ரீரங்கத்துக்கு வந்து நான்காவது ஆண்டு நடக்கிறது. இன்னமும் மருந்துக்கடையில் போய் “வருத்தம்” என்று சொன்னால் எனக்கு மருந்து கிடைப்பதில்லை, ஆறுதல்தான் கிடைக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். இங்கே அது மனக்கவலை. போன மாதம் காய்ச்சலோடு போய் நின்று “இரண்டு நாளாக வருத்தம்” என்றேன். கடைக்காரர் கையில் இருந்த புட்டியை வைத்துவிட்டு, எல்லாம் சரியாகப் போயிடும்மா, பெருமாள் இருக்கார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் பேசாமல் திரும்பி வந்தேன். காய்ச்சலோடு நின்று மொழியை விளக்க எனக்குத் தெம்பில்லை. இந்தியாவுக்குப் போகிறாய், அங்கேயும் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம் என்று கப்பலேற்றி விட்ட உறவினர்கள் எல்லாரும் இதை வாசிக்க வேண்டும்.

என் கணவருக்குப் புகையிலையை மோந்து பார்த்தே அது எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லத் தெரியும். அந்த மூக்குக்காக உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனி அவரை அழைத்தது. அவர் காலையில் போனால் மாலையில்தான் வருவார். நாள் முழுவதும் வீடும் நானும்தான். வீடு என்றால் ஊரில் நீங்கள் நினைக்கிற வேலி போட்ட வளவும் தனிக்கிணறும் அல்ல. முன்பகுதியில் வீட்டுக்காரர் ராகவாச்சாரி, பின்பகுதியில் நாங்கள், நடுவில் பொதுக்கிணறு. வாடகைக்குக் கேட்டுப் போன அன்று அவர், மாமிசம் உண்டா என்று கேட்டார். நாங்கள் சைவம் என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். வைணவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டதோ, முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, மரக்கறி மட்டும்தான் என்று நான் விளக்கியதும் சாவியைத் தந்தார். முட்டைகூட வாசற்படி தாண்டி வரக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நான் பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை. அதனால் அதை ஒரு நிபந்தனையாகவே நினைக்கவில்லை.

வீட்டின் பின்புறம் கொள்ளிடத்துப் பக்கம் புதர். அடிக்கடி பாம்பு வரும். சத்திரம் பஸ் நிற்கும் இடத்தில் யாரோ ஒரு கீரிக்குட்டியை விற்கக் கண்டு, பாம்புக்கு ஆகும் என்று என் கணவர் அதை வாங்கி வந்துவிட்டார். ராசு என்று பெயரும் வைத்தார். பாம்பை அது பிடித்ததை நான் பார்த்ததில்லை. எலியும் ஓணானும் தானே தேடித் தின்னும், மிச்ச நேரத்தில் என் சமையலறையைக் கிளறும். வீட்டுக்காரர் திருவாராதனத்துக்கு எடுத்து வைத்த பாலை ஒருநாள் நக்கிவிட்டது. அவர் தடியைத் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி அதைத் துரத்தினார். என் கணவர் மட்டும் மாலையில் வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஊரில் தம் தமக்கையின் பிள்ளைகளைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை.

தடி தூக்கிய மறுநாள்தான் அது நடந்தது. என் அம்மா ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஒடியல் மா கொடுத்து அனுப்பியிருந்தா. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மா, கூழ் காய்ச்ச. இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது, கேட்டால் சிரிப்பார்கள். கூழுக்கு வேண்டிய பயற்றங்காயும் பலாக்கொட்டையும் தேடி எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் ராசு பையைக் கிழித்து, அதற்குள் புரண்டு, வெள்ளை வெளேரென்று நின்றது. அடுக்களை முழுக்க மா. ஈரத்தரையில் ஒட்டி ஒரு பிடிகூட அள்ள முடியாமல் போயிற்று. நான் கத்திக்கொண்டு துரத்தினேன். அது கிணற்றடிக்குப் போகும் பின்கதவால் ஓடியது. அந்தக் கதவை இரண்டு கையாலும் அடித்துச் சாத்தினேன். பழைய தேக்குக் கதவு, இரும்புப் பட்டை அடித்தது. ராசு முழுவதும் வெளியே போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

கதவைத் திறந்தபோது முன்னங்கால்களால் மண்ணைப் பற்றி இழுத்துக்கொண்டு நகர்ந்தது. பின்பாதி ஒரு ஈரத்துணிபோல அதன் பின்னால் வந்தது. சத்தமே போடவில்லை. எடுக்கப் போன என் விரலைக் கடித்தது, அவ்வளவுதான்.

மாலையில் என் கணவர் வந்தார். பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே, வீட்டுக்காரரின் அந்தத் தடிதான் என்று முடிவு கட்டிவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அதை ஒரு கூடையில் வைத்து மூடிக்கொண்டு, பஸ்ஸில் காவேரியைத் தாண்டித் திருச்சியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர், என்ன உடம்புக்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் இடுப்புக்கு மேலே முதுகின் அடிப்பகுதியை நாரி என்போம். “நாரியிலை சரியான வருத்தம்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இங்கே நாரி என்றால் பெண் என்று எனக்கு அப்போது நினைவில்லை.

“வீட்டுப் பொம்பளைங்களுக்கு வருத்தம்னா கீரியை ஏம்மா தூக்கிட்டு வந்தீங்க?” என்றார்.

வரிசையில் மாட்டோடு நின்ற இருவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் என் முதுகைத் தொட்டுக் காட்டினேன். அப்படியானால் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க என்றார். கடைசியில் கூடையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போனேன்.

டாக்டர் இளைஞர், பொறுமையானவர். இடுக்கியால் பின்னங்கால் விரல்களைக் கிள்ளினார். ராசு காலை இழுக்கவில்லை. முதுகெலும்பில் அடி, பின்னங்கால் இரண்டும் போய்விட்டன என்றார்.

“ஊசி போட்டுடலாங்களா?”

“போடுங்கோ டொக்டர். கெதியாப் போடுங்கோ.”

என் அவசரம் அவருக்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். மருந்தை எடுத்துக்கொண்டே, இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேனா, கொண்டு போகிறேனா என்று கேட்டார். என்னத்துக்கு விட்டுவிட்டுப் போவது, வீட்டுக்குத்தான் கொண்டு போவேன் என்றேன்.

“அப்ப புதைக்க இடம் இருக்குல்ல?”

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு விளங்குவதற்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. பிறகு கூடையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சுகமாகிற ஊசி என்றெல்லோ நினைத்தேன் என்றேன். நான்கு ஆண்டாக இந்த ஊரில் என் தமிழுக்காகச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன், ஆறுதல் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அதே தமிழால் ஒரு உயிரைக் கொல்லக் கொடுத்துவிடப் பார்த்தேன். அதுவும் நானே முறித்த உயிர்.

அவருக்கும் சங்கடமாகிவிட்டது. மறுபடி வாங்கிப் பார்த்தார். இடது காலை அழுத்திக் கிள்ளியபோது தோல் லேசாக நடுங்கியது. “கொஞ்சம் உணர்ச்சி இருக்கற மாதிரி இருக்கு. மூணு வாரம் பார்த்துக்குவீங்களா? லேசுப்பட்ட வேலை இல்லைங்க” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நகர முடியாதபடி சிறிய பெட்டியில் வைக்க வேண்டும். அதற்குத் தானாக நீர் பிரியாது. நாளுக்கு நான்கு தரம் அடிவயிற்றை விரலால் மெல்ல அமுக்கி எடுக்க வேண்டும். துடைக்க வேண்டும், புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தரமும் அது என்னைக் கடித்தது. பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு, அரிசி கழுவி, கிணற்றில் நீர் இறைத்தேன். அன்பினால் செய்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். கதவையும் கீரியையும் திட்டினேன். புகையிலை வாசத்தோடு வந்து, இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறானே என்று தூரத்தில் நின்று சொன்ன கணவரையும் திட்டினேன்.

எல்லாவற்றிலும் பெரிய தலையிடி முட்டை. தானாக வேட்டையாட முடியாதது இனி எதைத் தின்னும்? தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வாங்கி வீட்டுக்குள் கொண்டு வர முடியாது. ஆகவே சத்திரம் பஸ் நிற்கும் இடத்துக் கடையில் வாங்கிக் கீரைக்கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, கூடையில் கீரியையும் தூக்கிக்கொண்டு காவேரிக்கரைக்குப் போவேன். பரம்பரையாக மரக்கறி தின்கிற நான், ஸ்நானத்துக்கு வருகிறவர்கள் பாராத ஓரமாக உட்கார்ந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவேன். ஊரில் என் மாமியார் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பா.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, என் கணவரின் பொறுமை போயிற்று. கிணற்றடியில் நின்ற ராகவாச்சாரியிடம் போய், வாயில்லாத சீவனை அடித்து முறித்துவிட்டுத் தினமும் திருமண் இட்டுக்கொள்கிறீர்களே என்று கேட்டுவிட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார். தாம் துரத்தியது உண்மை, அடித்ததில்லை என்றார். என் கணவர் நம்பவில்லை என்று கண்டதும், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொடுக்கச் சொன்னார். குரல் உயரவே இல்லை.

நான் வாசலில் கூடையோடு நின்றிருந்தேன். வேறு வீடு யார் தருவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, எழுபது வயது மனிதர் செய்யாத பழியைக் கேட்டுக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை.

“இவர் இல்லை. நான்தான் கதவை அடிச்சுச் சாத்தினனான்” என்றேன்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தார். ராகவாச்சாரிதான் பேசினார். “சாத்தின சத்தம் அன்னிக்கே நேக்குக் கேட்டுது. ஒரு ஸ்திரீ மேல பழி வரவேண்டாம்னு வாயை மூடிண்டிருந்தேன்.”

பிறகு, காவேரிப் பக்கம் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் போவது எதற்கு என்பதும் தமக்குத் தெரியும் என்றார். அது வெளியே நடக்கிற காரியம், ஆனால் கை கழுவாமல் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது என்றார். இத்தனை நாளும் கழுவிக்கொண்டுதான் தொட்டேன் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்தில் கோபப்படவும் எனக்கு உரிமையில்லை. வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை, திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை.

இரண்டு நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகுமுன் அவரே பெட்டியருகே உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்திருந்தபடியே அடிவயிற்றை அமுக்கி நீர் எடுத்தார். ராசு அவரையும் கடித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. மூன்றாம் நாள் சாப்பாட்டின் முன்னால் குனிந்தபடியே கேட்டார்:

“ஒடியல் மாவுக்காகவோ?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். “அம்மா அனுப்பினதெல்லோ” என்றார். 

மூன்று வாரம் என்று சொன்னது இரண்டு மாதமாயிற்று. முதலில் நீர் தானாகப் பிரிந்தது. பிறகு இடது கால் ஊன்றியது. வலது கால் வரவேயில்லை. இப்போது ராசு நடக்கிறது. நேராகப் போக நினைத்தால் உடல் வலப்பக்கம் சரியும். உடனே நின்று, திருத்திக்கொண்டு, மறுபடி போகும். கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வர அதற்கு ஏழெட்டு நிறுத்தம். பாம்புக்கு அது இனி ஆகாது. முட்டைக்கு இன்றும் நான்தான் காவேரிக்கரைக்குப் போகிறேன்.

சித்திரையில் அண்ணரின் மகள் கலியாணத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். ராசுவைப் பார்க்க ஆள் வேண்டுமென்று கணவர் நின்றுவிட்டார். கப்பலேறுகிற வழியில் மண்டபம் முகாமில் மனிதர்களையே நிறுத்திவைத்துச் சோதிக்கிறார்கள், கீரியை யார் கப்பலில் விடுவார்கள்? எங்கள் வளவில் பனங்காற்று, சொந்தக் கிணறு, அம்மாவின் கூழ். யாரிடம் எதைச் சொன்னாலும் ஒரே தரத்தில் விளங்கியது. இனி இங்கேயே இருந்துவிடு என்று அண்ணர் சொன்னபோது நான் மறுப்பும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் காலை, திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். பனையோலை வேலிக்குள்ளிருந்து ஒரு கீரி புறப்பட்டு, வளவைக் குறுக்கே கடந்து, ஒரே ஓட்டமாக அடுத்த வேலிக்குள் போய் மறைந்தது. சரியவில்லை, நிற்கவில்லை. நான் பிறந்த நாளிலிருந்து பார்த்த கீரிகள் எல்லாம் அப்படித்தான் ஓடின. அன்றைக்கு அந்த ஓட்டத்தில் ஏதோ பிழையிருப்பதாக எனக்குப் பட்டது.