ரிமோட் வேலை செய்யாத இடம்

இது நடந்தது. டோனியின் வலது தோளில் பதினாறு தையல் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்களுக்கு அவனே சட்டையைக் கழற்றிக் காட்டுவான். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். பேய் இருட்டில்தான் வரும் என்று நினைத்து மத்தியானத்தில் நிம்மதியாகப் படம் பார்க்கிறவர்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டோனிக்குத் திண்டுக்கல்லில் நூல் மில் வேலை. காலை ஷிப்ட். இரண்டரை மணிக்கு வீடு வந்துவிடுவான். மனைவி டெய்சிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், படுக்கையை விட்டு எழவே கூடாது. அதற்காகத்தான் மேட்டுப்பட்டிப் பக்கம் படியேறாத தரை வீடாகப் பார்த்துக் குடிவந்தார்கள்.

குடிவந்த அன்றே பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். படுக்கையறையில் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு ஹாலுக்கு வந்தார். அங்கே டி.வி. இருந்தது. பக்கத்தில் ஒரு கேம் மெஷின். டெய்சியின் தம்பி பிராங்கிளின் கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போனது. டோனி ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"ஹால் வேணாம் சாமி. அம்புட்டும் கரெண்டு ஐட்டம். தண்ணி பட்டா போயிரும்."

சாமியார் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டார். இப்படியாக ஹாலைத் தவிர வீடு முழுக்க மந்திரித்தாகிவிட்டது. பெரிய புத்திசாலி நம் ஆள்.

அவர்களுடையது பழைய டி.வி. அந்த கேம் மெஷின் வழியாகத்தான் படம் பார்க்க முடியும். ஹாலிலேயே கட்டிலைப் போட்டு டெய்சியைப் படுக்க வைத்தான். ஆனால் ஜாய்ஸ்டிக் அவளுக்குப் பெரிய தொல்லை. வயிற்றுப் பக்கத்தில் வைத்திருப்பாள், புரண்டால் பட்டன் அமுங்கிப் படம் எங்கேயோ ஓடிவிடும். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அதுவே அணைந்துபோகும். படம் பார்க்கத் தோதான ரிமோட்டாக ஒன்று வாங்கலாம் என்று திங்கட்கிழமை மில்லிலிருந்து நேரே பேகம்பூர் போனான் டோனி.

கடைக்காரர் சிக்கந்தர் பாய் இரண்டு ரிமோட்டை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு மெஷினின் பின்னால் பென் டிரைவ் மாதிரி ஒரு குட்டி டாங்கிள் செருக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அமுக்கினாலும் வேலை செய்யும். ஆனால் பட்டன் எல்லாம் மிளகு அளவு. இன்னொன்றில் பட்டன் பெரிது, தொட்டால் வெளிச்சம் வரும். கண்ணாடி போடாமல் படுத்திருக்கும் டெய்சிக்கு அதுதான் சரி என்று டோனி அதையே எடுத்தான்.

"இது கண்ணுக்குத் தெரியாத லைட்டு அடிச்சு வேலை செய்யிறது தம்பி. குறுக்க ஆள் நிக்கக் கூடாது, அம்புட்டுதான்," என்றார் பாய்.

"வீட்டுல நாங்க ரெண்டே பேரு பாய். யாரு நிக்கப் போறா?"

மணி 3.05. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அமுக்கினான். வேலை செய்யவில்லை.

எழுந்து டி.வி.யை நோக்கி நடந்துகொண்டே அமுக்கினான். டி.வி.யிலிருந்து கட்டில் வரைக்கும் தரையில் எட்டு டைல்ஸ். மூன்றாவது டைல்ஸுக்கு வந்ததும் ரிமோட் வேலை செய்தது. எட்டாவதில் இருந்த கட்டிலுக்குத் திரும்பினான். வேலை செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை புது பேட்டரி போட்டான். அன்றைக்கு ஐந்தாவது டைல்ஸிலிருந்தே வேலை செய்தது. பரவாயில்லை, தானாகவே சரியாகி வருகிறது என்று சந்தோஷப்பட்டான். டீ போட அடுக்களைக்குப் போனான். மணி 3.10.

ஹாலிலிருந்து டெய்சியின் குரல்.

"ஏங்க, தள்ளி நில்லுங்க. மறைக்குது."

எட்டிப் பார்த்தான். டெய்சி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். கனவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீயை ஆற்றினான்.

புதன்கிழமை, வரும் வழியில் ரிமோட்டைக் கடைக்குக் கொண்டுபோனான். பாய் கடையில் இருந்த மெஷினைப் போட்டு, கோடியில் நின்று அமுக்கினார். முதல் அமுக்கிலேயே வேலை செய்தது. "ரிமோட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. உங்க வீட்டுல ஏதோ மறைக்குது பாருங்க," என்றார்.

வீட்டுக்கு வந்தான். டெய்சி நல்ல தூக்கம். படம் ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ சண்டைக் காட்சி. மணி 3.08.

கட்டிலிலிருந்து அமுக்கினான். இல்லை. ஓர் அடி முன்னால் வைத்தான். ஏழாவது டைல்ஸ்... படம் நின்றது.

திரும்பக் கட்டிலுக்கு வந்தான். எரிச்சலில் கையைத் தலைக்கு மேல் தூக்கி அமுக்கினான். படம் ஓடியது.

நெற்றிக்கு நேராக அமுக்கினான். இல்லை. நெஞ்சுக்கு நேராக. இல்லை. ஒரு முழம் இடது பக்கம் நகர்த்தினான். வேலை செய்தது. ஒரு முழம் வலது பக்கம். வேலை செய்தது.

தரையில் குப்புறப் படுத்து, நட்டநடுவில் அமுக்கினான்.

வேலை செய்தது.

இரண்டு காலுக்கு நடுவில் இருக்கும் சந்து.

ஓர் ஆள் உயரம். ஓர் ஆள் அகலம். திங்கள், மூன்றாவது டைல்ஸ். செவ்வாய், ஐந்தாவது. இன்று ஏழாவது. மூன்று நாளாக அவன் அதற்குள் புகுந்துதான் நடந்திருக்கிறான். டோனி சட்டென்று எழுந்தான். அடுத்தது எட்டாவது. அதில் டெய்சி படுத்திருக்கிறாள்.

மணி 3.12. டெய்சி கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"தள்ளுங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

விஷ்க்...

டோனி அவள் வயிற்றின் மேல் குறுக்கே பாய்ந்தான்.

தோளில் இறங்கியது. இரும்பு. கண்ணுக்குத் தெரியாத இரும்பு. எலும்பில் இடித்து நின்றது. இழுத்து உருவியது. ரத்தம் சுவரில் தெறித்தது.

விஷ்க்...

கையைத் தூக்கினான். ரிமோட் இரண்டாக விழுந்தது. கூடவே சுண்டு விரலும்.

டெய்சி அலறினாள். அவளைக் கட்டிலிலிருந்து உருட்டி இழுத்தான். தலையணை கிழிந்தது. பஞ்சு பறந்தது. அவள் தலை இருந்த இடம்.

விஷ்க்... டமார்.

டி.வி. நொறுங்கியது.

"மாதாவே... மாதாவே..."

இடது கையால் அவள் அக்குளைப் பிடித்து இழுத்தான். அடுக்களை. நிலை. உள்ளே.

ணங்.

நிலைக்கட்டையில் வெட்டு. மரச்சிராய் முகத்தில் அடித்தது.

ணங்.

ணங்.

தாண்டவில்லை.

அங்கேதான் தீர்த்தம் தெளித்திருந்தது.

பிறகு... மூச்சு. யாரோ மூச்சு வாங்கும் சத்தம். மெதுவாகத் தேய்ந்து நின்றது. மணி 3.19.

அரிவாள் வெட்டு என்று எழுதினார் டாக்டர். யார் வெட்டியது என்று போலீஸ் கேட்டது. இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னபோது டோனி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டெய்சி தூங்குவதைப் பார்த்துவிட்டு டோனியை வெளியே கூப்பிட்டாள்.

"சொன்னா குடிவர மாட்டீகன்னு வீட்டுக்காரரு வாயக் கட்டிட்டாரு அப்பு. ஆறு வருசத்துக்கு முன்னாடி அந்த வீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி. அவளுக்கு நெற மாசம். மத்தியானம் டி.வி. பாத்துக்கிட்டு இருந்தா. அவன் முன்னாடி வந்து மறச்சு நின்னுருக்கான். கை பின்னால இருந்துருக்கு. வெளயாடுறான்னு நெனச்சுட்டா பாவி மக. 'தள்ளி நில்லுங்க, மறைக்குது'ன்னு சொன்னா. சொவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவ சொன்னா..."

"அப்புறம்?"

"அப்புறம் வேற சத்தம். அவனும் அன்னிக்கே ரயில்ல அடிபட்டுச் செத்தான்."

டோனி அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சாமான்களை மில் ஆட்கள்தான் ஏற்றி வந்தார்கள். நத்தம் ரோட்டில் புது வீடு. இந்தத் தடவை சாமியாரிடம், "புது டி.வி. மேலயே தெளிங்க சாமி, போனா போகட்டும்," என்றான். கேம் மெஷினையும் நனைத்தார். இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன.

பெண் குழந்தை. வினோலியா என்று பெயர். இப்போது எட்டு மாதம்.

சிக்கந்தர் பாயிடம் போய் அந்த இன்னொரு ரிமோட்டை வாங்கி வந்தான். சுவரைத் தாண்டி வேலை செய்வது. எங்கிருந்து அமுக்கினாலும் வேலை செய்கிறது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

போன வாரம்தான் குழந்தை உட்காரப் பழகியது. டி.வி.க்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் தரை.

குழந்தை கழுத்தை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தது. பிறகு வலது பக்கம். பிறகு முன்னால் இருந்த எதையோ தள்ளுவது போலக் கையை நீட்டியது.

டோனி ரிமோட்டை எடுத்து அமுக்கினான். வேலை செய்தது. நெஞ்சுக்கு நேராக, நெற்றிக்கு நேராக, தரையில்... எல்லா இடத்திலும் வேலை செய்தது.

எந்த டைல்ஸ் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.