பின்னறையில் ஒரு சம்சாரம்

பேய், பிசாசு, தாயத்து, மந்திரித்த கயிறு எதையும் நான் நம்பியவன் இல்லை. என் வேலை அப்படி. திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் மேனேஜர். நாள் முழுக்கக் குழாய், வால்வு, பைப்பு என்றே பேச்சு. வீட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது, பயமாக இருக்கிறது என்று யாராவது வந்தால், பைப்பில் காற்று அடைத்திருக்கும் என்று சொல்லி ஒரு ஏர் வால்வைக் கையில் கொடுத்து அனுப்புகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. திருவனந்தபுரம் வந்து ஒன்பது வருஷம், அதற்குள் ஐந்து வாடகை வீடு. ஐந்தாவது வீட்டுக்காரரும் மகனுக்குக் கல்யாணம், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காலி பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி சித்ரா அடுப்படியில் நின்றபடி, "இன்னொருக்கா பாத்திரத்தச் சாக்குல கெட்ட என்னால முடியாது" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். கடனோ உடனோ, இனி சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

கழக்கூட்டம் பக்கம் புதுசு புதுசாக எழும்புகிற ஃபிளாட்டெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குத்தான் ஆகும். நமக்குப் பழசுதான். ஷிபு என்று ஒரு புரோக்கர் கரமனையில் ஒரு ஃபிளாட்டைச் சொன்னான். நாலு மாடிக் கட்டிடம், லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி, முப்பது வருஷத்துக்குக் குறையாத பழசு. சொந்தக்காரர் கோபிநாதன் சார் வேறெங்கோ இருக்கிறார், வீடு திறந்துதான் கிடக்கும், நீங்கள் போய்ப் பாருங்கள் என்றான். நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன், வெளியே லாரியிலிருந்து கம்பி இறக்குகிற சத்தம், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் போனை அழுத்திக் கேட்டேன். போனை வைக்கும் முன் ஷிபு சொன்னது இதுதான்: "புறகிலத்தெ முறியில் ஒரு சம்சாரம் உண்டு சாறே, அது காரியமாக்கண்ட."

பின்னறையில் சம்சாரம் இருக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்குப் புரிந்தது. சரி, சொந்தக்காரருடைய மனைவி வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்திருப்பார், கூச்சப்படாமல் போய்ப் பார்க்கச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குப் போனேன். பளிச்சென்ற வெயில். வீடு நல்ல வீடுதான், பழைய ரெட் ஆக்சைடு தரை, காற்று வருகிற ஜன்னல்கள். அடுப்படி, ஹால், முன்னறை எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போனால், ஷிபு சொன்னபடியே ஒரு பெண். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளி வெளிச்சம் கண்ணில் அடித்ததில் ஆள் நிழலாகத்தான் தெரிந்தாள். வீடு பார்க்க வந்திருக்கிறேன் சேச்சி என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் தலைக்கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த அறையோடு சேர்ந்த பாத்ரூமுக்குள் போனேன். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பேன், கல்யாண வீடாக இருந்தாலும் சரி. இது திறக்கவில்லை. வழக்கப்படி இடப்பக்கம் திருப்பினேன், அசையவே இல்லை.

அறையிலிருந்து அவள் குரல் வந்தது. வலப்பக்கம் திருப்ப வேண்டும், இது மற்ற குழாய் மாதிரி இல்லை என்றாள். தமிழில் சொன்னாளா மலையாளத்தில் சொன்னாளா என்று அப்போது நான் கவனிக்கவில்லை. புரிந்தது, அவ்வளவுதான். வலப்பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும், திறக்காது. இத்தனை வருஷம் இதிலேயே பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்கே பாடமா என்று சிரிப்பு வந்தது. இருந்தாலும் திருப்பினேன். நம்பினால் நம்புங்கள், தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கையைக் கழுவிக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் அறையில் இல்லை, அடுப்படிக்குப் போயிருப்பாள் என்று நானும் படியிறங்கிவிட்டேன். கடைக்கு வந்து சேர்ந்த பிறகும் சட்டைப்பையில் அந்தக் கர்ச்சீப் ஈரமாகத்தான் இருந்தது.

சித்ராவிடம் வீடு நன்றாக இருக்கிறது என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், இதுதான் நம்ம வீடு என்று சொல்லிவிட்டாள். ஐந்து வீட்டில் ஒரு வீட்டைக்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் கோபிநாதன் சாரையும் ஷிபுவையும் அதே ஃபிளாட்டில் சந்தித்தேன். பேச்சுவாக்கில், உங்கள் வீட்டுக்காரம்மாதான் நேற்று அந்தக் குழாயைத் திறக்கச் சொல்லித் தந்தார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏது வீட்டுக்காரி? ஞான் கல்யாணம் கழிச்சிட்டில்ல."

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். ஷிபுவைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். நேராகப் பாத்ரூமுக்குப் போனேன். குழாய் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வலப்பக்கம் ம்ஹூம். பலங்கொண்ட மட்டும் இடப்பக்கம் திருகியதும் கிரீச்சென்று திறந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆள் இல்லாத வீடு என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே இந்த லைனை அடைத்துவிட்டதாகக் கீழே இருந்த வாட்ச்மேன் சொன்னார். மொட்டைமாடிக்கு ஏறி நானே பார்த்தேன். வால்வு மூடியிருந்தது, கைபட்டு வெகுகாலம் ஆன வால்வு. அதைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னொருவர் தேவையில்லை.

படியிறங்கும்போது ஷிபுவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் எரிச்சல்தான் பட்டான்: "ஞான் அன்னே பறஞ்ஞதல்லே சாறே, ஒரு சம்சாரம் உண்டென்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது என்றாலும் அதே வார்த்தைதான். ஒன்பது வருஷமாகத் தினம் நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. கம்பி இறக்குகிற சத்தத்தில் என் பாளையங்கோட்டைக் காது அதை மனைவி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அறையைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு என்றானா, அறைக்குள் பேச்சுக் கேட்கும் என்றானா என்று எத்தனையோ விதமாகக் கேட்டும் ஷிபு அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

சித்ராவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த வீட்டு வாசல்படியை மிதித்திருக்க மாட்டாள், அவளுக்கு இதிலெல்லாம் பயம். மறுபடியும் சாக்கு, மறுபடியும் பாத்திரம். நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டை வாங்கினோம். இன்றைக்கு வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது சரியா தப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

குடிபோவதற்கு முன் லைன் முழுவதையும் மாற்றினேன். பின்னறைக் குழாயைப் புதிதாக நானே என் கையால் மாட்டினேன். இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும், உலகத்தில் உள்ள எல்லாக் குழாயையும் போல. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. நானும் அன்றைக்கு ஏதோ வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன மாதம் என் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். நல்ல பகல் நேரம். கை கழுவப் பின்னறைப் பாத்ரூமுக்குள் போனவள், குழாய் திறக்கமாட்டேங்குதே என்றாள். நான் எழுந்து போனேன். அறைவாசலிலேயே கால் நின்றுவிட்டது. சித்ரா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளி வெளிச்சம் கண்ணில் அடித்தது. அவள் திரும்பாமலேயே சொன்னாள்:

"வலப்பக்கமாத் திருப்புங்க மதினி. அது மத்தது மாதிரி கெடையாது."

உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்குக் கேட்டது எந்தப் பாஷை, யாருடைய குரல் என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு சித்ராவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். வந்த நாளிலிருந்து அது அப்படித்தானே, நீங்கதானே மாட்டினீங்க என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். நான் திறந்தால் அந்தக் குழாய் இன்றைக்கும் இடப்பக்கம்தான் திறக்கிறது.

பின்னறையில் ஒரு சம்சாரம் உண்டு என்றுதான் ஷிபு சொன்னான். யாருடைய சம்சாரம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.