சூப்பைத் திருப்பி அனுப்பிய தலைவர்

நான் அரசியலுக்கு வந்தது கூட்டத்துக்குப் போகாததால்தான்.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் ஹோட்டல் சமையல்காரனாக இருக்கிறேன். எங்கள் கெமைண்டேயில், அதாவது ஊராட்சியில், ஒரு பழைய சட்டம் உண்டு. ஊர்க்கூட்டம் ஒருவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தால் அவர் ஒரு தவணைக் காலமாவது பதவியில் இருந்தே ஆக வேண்டும். அதனால் தேர்தல் நாளில் காய்ச்சல்காரர் கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். வராதவரின் தலையில் பதவியைக் கட்டிவிடுவார்கள். குடியுரிமை எடுத்து ஒரு வருடமே ஆகியிருந்த எனக்கு இது தெரியாது. அன்று நான் ஒரு சுற்றுலாக் குழுவுக்குச் சீஸ் உருக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பழைய தலைவர் சமையலறைக்கே வந்து என் கையைக் குலுக்கினார். அவர் மாட்டுப் பண்ணைக்காரர். அவருடைய பசு இரட்டைக்கன்று போட்டபோதும் அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

வீட்டில் செய்தியைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

“ஒரு பல்ப் மாத்தச் சொன்னா மூண்டு மாசம் எடுக்கிறியள். உங்களிட்டயோ ஊரைக் குடுத்தவை?”

ஊராட்சி அறைச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. எத்தனையோ தலைமுறை, ஆனால் மூன்றே குடும்பங்கள், ஏறக்குறைய ஒரே மூக்கு. அந்த மூக்குகளுக்குக் கீழே இருந்து நான் வழக்குத் தீர்த்தேன். ஹோட்டல் விருந்தாளிக்கு மாட்டு மணிச் சத்தத்தால் தூக்கமில்லை. பண்ணைக்காரருக்கோ தேவாலய மணிச் சத்தத்தால் மாடுகள் மிரளுகின்றன. எனக்குத் தலையிடி. எப்போது தவணை முடியும் என்று கலண்டரைப் பார்த்தபடி இருந்தேன்.

அப்போதுதான் பக்கத்துப் பெரிய ஊர் எங்களைத் தன்னோடு இணைக்கக் கேட்டது. இணைந்தால் எங்கள் ஊராட்சி இல்லை. தலைவர் பதவியும் இல்லை. எனக்கு விடுதலை! வாக்கெடுப்பு நாளன்று புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

பெரிய ஊரின் தலைவர் விருந்தினராக முன்வரிசையில் இருந்தார். முன்பொருமுறை எங்கள் ஹோட்டலில் என் பருப்புச் சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு, மிளகு கூடிப்போச்சு என்று திருப்பி அனுப்பியவர் அவர். என்னைக் கண்டதும், “இன்றைக்குச் சூப் இல்லையே?” என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே கொதித்தது.

கைகளை எண்ணினோம். இணைய வேண்டும் என்று பதினேழு, வேண்டாம் என்று பதினேழு. சமமாக வந்தால் தலைவர்தான் முடிவு சொல்ல வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுவரிலிருந்த மூக்குகளும் பார்த்தன.

“வேண்டாம்,” என்றேன்.

பழைய தலைவர் அழுதேவிட்டார். ஊரைக் காப்பாற்றியவன் என்று என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பதவி முடிந்தபிறகு மாட்ட வேண்டிய என் படத்தை அடுத்த வாரமே சுவரில் மாட்டினார்கள். அந்த வரிசையில் முதல்முறையாக வேறொரு மூக்கு!

படத்தைப் பார்க்க மனைவியைக் கூட்டிப்போனேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோது உண்மையைச் சொன்னேன்.

“ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதை. அந்தச் சூப்புக் கோவத்திலதான் வேண்டாமெண்டனான்.”

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சும்மா இருங்கோ. அண்டைக்குக் கூட்டத்துக்கு வெளிக்கிட முன்னம் பாஸ்போட்டைத் திறந்து திறந்து பாத்ததை நான் கண்டனான்.”

சுவிஸ் பாஸ்போட்டில் பிறந்த இடம் எழுதுவதில்லை, சொந்த ஊர் எழுதுவார்கள். என்னுடையதில் இந்த ஊரின் பெயர் இருக்கிறது. இணைந்தால் அங்கே பெரிய ஊரின் பெயர் வந்துவிடும். ஒரு சொந்த ஊரை ஏற்கெனவே விட்டுவிட்டு வந்தவன் நான். இன்னொன்றையும் நானே கையை உயர்த்தி அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

“ஓம், அதுவும்தான்,” என்றேன். “ஆனா சூப்பும்தான்.”